முதலாம் ஆண்டு ஊசிப் பாரத்தில் கையெழுத்துப் போடலாமா? பெற்றோர் குழுவில் கிளம்பிய சண்டை

பிறைக்காரி | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். இங்கே மலேசியாவில், பினாங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு பிள்ளைகளுக்கு ஊசி போட பள்ளிச் சுகாதாரக் குழு வருகிறது. டிப்தீரியா, இரணஜன்னிக்கு ஒன்று. தட்டம்மை, ருபெல்லாவுக்கு ஒன்று. வருஷா வருஷம் நடப்பதுதான். ஒப்புதல் பாரம் வெள்ளிக்கிழமை பையில் வந்தது.

மறுநாளே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சியின் கிளைப் பொறுப்பில் இருப்பவர் பேசுகிறார். கோவிட் காலத்தில் நம்மை வீட்டில் அடைத்து, பிழைப்பைக் கெடுத்து, கட்டாயப்படுத்தி ஊசி போட்ட அதே ஆட்கள்தான் இப்போது பிள்ளைகளிடம் வருகிறார்கள், கையெழுத்துப் போடாதீர்கள், இது நம் எதிர்ப்பு என்கிறார். நடுவே அமெரிக்காவிலிருந்து வெட்டி ஒட்டிய காட்சிகள். மாலைக்குள் குழுவில் பலர் "நாங்களும் போட மாட்டோம்" என்று எழுதிவிட்டார்கள். அதில் பாதிப் பேர் 2021இல் பாயான் பாருவில் ஸ்பைஸ் அரங்கத்தில் வரிசையில் நின்று ஊசி போட்டவர்கள்.

இவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வருஷத்தில் ஆட்சியில் இருந்தவர்கள் செய்தது எனக்கும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை ஏழு வயதுப் பிள்ளையின் உடம்பில் காட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். அதில் பேசப் போகிறேன். இரண்டு பக்கமும் பேசக்கூடியவர்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

செந்தூல்_மைந்தன் | ஞாயிறு, இரவு 9:40

அக்கா, நான் மறுக்கிற பக்கம். மரியாதையாகவே சொல்றேன்.

2020 ஜூலையில கெடாவுல நாசி கண்டார் கடை வச்சிருந்த ஒருத்தர் இந்தியாவுல இருந்து வந்து, வீட்டுத் தனிமையை மீறிட்டார். தப்புதான். அஞ்சு மாசம் ஜெயில், 12,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். அந்தத் தொற்றுக் கூட்டத்துக்கே நம்ம ஊர்ப் பேரை வச்சாங்க, சிவகங்கை கிளஸ்டர்னு. நாடு முழுக்க மாசக்கணக்கா டிவியில அந்தப் பேரு. அதே கெடாவுல 72 வயசு பாட்டி ஒருத்தர் தனிமைக் காலத்துல கடையில சாப்பிட்டார்னு ஒரு நாள் சிறை, 8,000 வெள்ளி. அதே ஜூலையில அமைச்சர் ஒருத்தர் துருக்கி போய்ட்டு வந்து, தனிமையில இருக்காம நாடாளுமன்றத்துக்கே போனார். அவருக்கு 1,000 வெள்ளி.

இதப் பார்த்தவன் எப்படி நம்புவான்? சட்டம் எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணுன்னா, ஊசி மட்டும் ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு எப்படி நம்பச் சொல்றீங்க?

நான் தொழிற்சாலையில ஃபோர்க்லிஃப்ட் ஓட்றேன். ரெண்டு ஊசி போடலைன்னா உள்ளே வராதேன்னாங்க. போட்டேன். எனக்குச் சந்தேகம் இருக்கான்னு ஒரு ஆள் கேக்கல. 2024ல ஆஸ்ட்ராஜெனெகா கம்பெனி, தன் கோவிட் ஊசியால ரத்தம் உறையலாம்னு லண்டன் கோர்ட்டுல ஒத்துக்கிட்டது. மறைச்சு வச்சு மூணு வருஷம் கழிச்சு சொல்றாங்க. இதுக்கப்புறமும் பாரத்தை நீட்டினா கையெழுத்தா?

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | ஞாயிறு, இரவு 10:25

தம்பி செந்தூல், அமைச்சர் விஷயத்தில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் சரி. அன்று வார்டில் தாதிகளான நாங்களும் கொதித்தோம். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்த எங்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்ட்ராஜெனெகா கதையில் மட்டும் தேதியைச் சரிபார்க்க வேண்டும். அது 2024 வரை ஒளித்து வைத்த ரகசியம் இல்லை. 2021 ஏப்ரல் 7ஆம் தேதியே ஐரோப்பிய மருந்து முகமை, தட்டணுக் குறைவோடு சேர்ந்து வரும் அந்த அரிய உறைவை தடுப்பூசியின் பக்கவிளைவாகப் பட்டியலிடச் சொன்னது. அதே நாளில் பிரிட்டன், 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு ஊசி கொடுங்கள் என்றது. பிரிட்டன் கணக்குப்படி முதல் டோஸ் போட்ட பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு வந்தது. அந்தப் பதினைந்து பேரின் குடும்பத்துக்கு அது சின்ன எண் இல்லை, நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அது வெளியே சொல்லப்பட்டது. நம் நாட்டிலும் அந்தப் பயம் வந்ததால்தான் அதே ஏப்ரல் கடைசியில் ஆஸ்ட்ராஜெனெகாவைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விரும்புகிறவர் பதியலாம் என்று தனியாக வைத்தார்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. தெரிந்தே, விரும்பிப் போனவர்கள் அவர்கள்.

2024இல் நடந்தது, பிரிட்டன் நீதிமன்ற வழக்கின் ஆவணத்தில் கம்பெனி எழுதியது செய்தியானது. புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

இப்போது பாரத்துக்கு வருகிறேன். அதில் கோவிட் ஊசி கிடையாது. டிப்தீரியா ஊசி இருக்கிறது. தமிழில் தொண்டை அடைப்பான் என்போம். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் மாதிரிப் படரும். பிய்த்தால் ரத்தம் வரும். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, பிள்ளை மூச்சுக்கு இழுக்கும். அந்தக் கிருமி விடும் நஞ்சு இருதயத்தைப் பிடிக்கும். தொண்டை தேறிவிட்டது, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று தாய் நிம்மதியாகும் நேரத்தில் இருதயம் நின்றுபோகும். 2016இல் நமக்குப் பக்கத்திலேயே, கெடாவில், பிள்ளைகள் இதில் செத்தார்கள். இந்தத் தலைமுறை டாக்டர்கள் பலர் அதுவரை அந்த நோயைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

இன்னொன்று. போலியோ இல்லாத நாடு என்று 2000இல் பெயர் வாங்கிய நாடு இது. 2019 டிசம்பரில் சபா துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு வந்தது. 27 வருஷத்துக்குப் பிறகு. கோவிட்டுக்கு முன்னாலேயே ஓட்டை விழுந்துவிட்டது என்பதை எல்லாரும் மறந்துவிட்டோம்.

கெப்போங்_அப்பா | ஞாயிறு, இரவு 10:41

மிஸ்ஸி, என் வீட்டில் அரசியல் பேச்சே கிடையாது. என் மாமியார் ஊசி என்றாலே "விவேக் போன மாதிரி போகணுமா" என்கிறார். 2021இலும் அதையே சொல்லித்தான் கடைசி வரை இழுத்தடித்தார். இப்போது பேரன் பாரத்துக்கும் அதே பதில். என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | ஞாயிறு, இரவு 11:03

இதை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் தெரியுமா. மலாய்க்காரர், சீனர் வீடுகளில் கேட்காத கேள்வி இது, நம் வீட்டில் மட்டும் கேட்டது. நடிகர் விவேக் நம் வீட்டு ஆள் மாதிரி. அதனால் அந்தச் சாவு மற்ற எந்தச் செய்தியைவிடவும் ஆழமாக இறங்கிவிட்டது.

நடந்தது இது. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று கேமரா முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை காலமானார். இருதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. அப்படி ஓர் அடைப்புக்கு அடித்தளமான கொழுப்புப் படிவு ஒரு நாளில் வராது, வருஷக்கணக்கில் வளர்வது. இந்தியாவில் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அதே ஆண்டு அக்டோபரில், மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தவை என்று முடிவு சொன்னது. ஆனால் சாவுச் செய்தி ஒரே நாளில் வந்தது, முடிவு ஆறு மாதம் கழித்து வந்தது. அந்த ஆறு மாதத்தில் பயம் வேர்விட்டுவிட்டது.

மாமியாரிடம் வாதாடாதீர்கள். அவர் ஒரு நல்ல மனிதனுக்காக இன்னும் வருத்தப்படுகிறார். அந்த வருத்தத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அடைப்பைப் பற்றிச் சொல்லுங்கள். அவருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அதைச் சரியாகப் பார்ப்பதுதான் விவேக் சாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்று சொல்லுங்கள்.

லெபோபசார்_வாசகன் | திங்கள், காலை 7:30

பினாங்கில் இருந்துகொண்டு இந்தப் பேச்சில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. வூ லியென் தே. 1879இல் இங்கே பிறந்தவர், பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாணவர். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் பிளேக் கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை அனுப்பியது. எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமல், மனிதர் மூச்சிலிருந்து மனிதருக்கு இந்த நோய் பரவுகிறது என்றார். துணியும் பஞ்சும் அடுக்கி முகக்கவசம் செய்து எல்லாரையும் போடச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, அவரைவிட மூத்தவர், பேர்பெற்றவர். ஒரு சீனன் எனக்குச் சொல்வதா என்கிற எண்ணத்தோடு மறுத்தார். கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அதே நோயில் இறந்தார். அதற்குப் பிறகுதான் ஊரே கவசம் கட்டியது. அறுபதாயிரம் பேரளவில் கொன்ற அந்த நோய் சில மாதங்களில் அடங்கியது.

மெஸ்னி படிக்காதவர் இல்லை. அறிவியல் தெரியாதவரும் இல்லை. யார் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்தார், என்ன சொல்கிறார்கள் என்பதைப் பார்க்கவில்லை. இன்று அந்தக் கிளைப் பொறுப்பாளர் பெற்றோர்களைச் செய்யச் சொல்வதும் அதுதான்.

அதே சமயம் செந்தூல் நண்பரின் அவநம்பிக்கைக்கு வயது நூறுக்கு மேல். கப்பலில் வந்த நம் ஆட்களை ஜெரெஜாக் தீவில் இறக்கி, அடைத்து வைத்து, சோதித்துப் பிறகுதான் பினாங்குக்குள் விட்டார்கள். தொற்றுநோய்த் தடுப்பு என்ற பெயரில்தான். நோக்கம் நம் உயிரா, தோட்டத்துக்கு வேலையாள் குறையக்கூடாது என்பதா? இரண்டும் கலந்திருந்தது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரின் ஊசிக்கு முன்னால் நின்ற கூலிக்கு "வேண்டாம்" என்று சொல்லும் வாய் இருக்கவில்லை. பாட்டன் கையை நீட்டச் சொன்ன விதம் பேரன் மனதில் எங்கேயோ இருக்கும்.

செந்தூல்_மைந்தன் | திங்கள், மதியம் 12:50

சார் சொன்ன கடைசி பத்தி மனசைத் தொட்டுச்சு. இதைத்தான் நான் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியல.

மிஸ்ஸி, ஆஸ்ட்ராஜெனெகா தேதி எனக்குத் தெரியாது, பார்த்துக்கிட்டேன். நீங்க சொன்னது சரி. ஆனா ஐவர்மெக்டின்? மலிவான பூச்சி மருந்து, கோவிட்டுக்குக் குடுக்கலாம்னாங்க. அதைக் கேட்டவங்களை விரட்டினாங்க, சரக்கைப் பறிமுதல் செஞ்சாங்க. அரசியல்வாதிங்களே சிலர் குடுங்கன்னு கேட்டாங்க. ஏன் குடுக்கல? கம்பெனி லாபம் போயிடும்னா?

பங்சார்_வக்கீல் | திங்கள், மதியம் 1:35

ஐவர்மெக்டின் கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. சுகாதார அமைச்சு 20 அரசு மருத்துவமனைகளில் 490 நோயாளிகளை வைத்துச் சோதித்தது. எல்லாரும் 50 வயதோ அதற்கு மேலோ, வேறு நோயும் உள்ளவர்கள். ஒரு பாதிக்கு ஐவர்மெக்டின், மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மருந்து எடுத்த 241 பேரில் 52 பேருக்கு நோய் முற்றியது. எடுக்காத 249 பேரில் 43 பேருக்கு. அதாவது மருந்தால் பயன் தெரியவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை ஒன்றில் வெளியானது. மலேசியாவின் ஆய்வை உலகமே எடுத்துக்காட்டியது. நம் ஊர் வாட்ஸ்அப்பில்தான் அது வரவில்லை. தமிழில் இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்றைச் செய்து அனுப்பியிருந்தால்கூடப் போதும். யாரும் செய்யவில்லை, அதற்காகச் சுகாதார அமைச்சைக் குறை சொல்வேன்.

அமைச்சர் வழக்கையும் சொல்லிவிடுகிறேன். அது சட்டம் இரண்டாக இருந்ததால் நடந்ததில்லை. சட்டம் ஒன்றே, 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நாம் 342 என்போம். அதன்படி சமாதான அபராதம் என்றால் அன்று உச்சம் 1,000 வெள்ளி. நீதிமன்றத்துக்குக் கொண்டு போனால் சிறையும் உண்டு. கடைக்காரரையும் பாட்டியையும் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், அமைச்சருக்கு அபராதச் சீட்டு. பிறகு அட்டர்னி ஜெனரல் அலுவலகம், விமான நிலையத்தில் அமைச்சருக்கு வீட்டுத் தனிமை ஆணைப் பாரமே கொடுக்கப்படவில்லை, ஆகவே மீறினார் என்று குற்றஞ்சாட்ட முடியாது என்றது. சாதாரணப் பயணிக்குக் கட்டாயமாகக் கொடுத்த பாரம் அவருக்கு ஏன் கொடுக்கப்படவில்லை? அங்கேதான் அநீதி இருக்கிறது. யாரை எந்தக் கதவு வழியாக அனுப்புவது என்று தீர்மானித்த கையில் இருக்கிறது.

பிறகு அவசரகாலத்தில், 2021 மார்ச்சில், தனிநபர் அபராதத்தை 10,000 வெள்ளிவரை உயர்த்தினார்கள். நாடாளுமன்றம் கூடாமலே. அந்த ஜனவரி முதல் ஆகஸ்ட் 1 வரை அவசரகாலம். ஆட்சி கவிழ்ந்துவிடக்கூடாது என்பதற்காக நோயைச் சாக்காக வைத்தார்கள் என்று அன்று சொன்னோம், இன்றும் சொல்கிறேன். இவற்றை எதிர்ப்பது ஜனநாயகக் கடமை.

கட்டாய ஊசி பற்றி: பொதுமக்கள் அனைவரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே வரவே இல்லை. அரசு ஊழியருக்கு 2021 நவம்பர் 1 கெடு. மற்றவருக்கு, ஊசி போட்டால்தான் கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம், மாநிலம் கடக்கலாம் என்று சுற்றிவளைத்தார்கள். அமெரிக்காவில் 1905இலேயே பெரியம்மை ஊசி மறுத்த ஒருவருக்கு ஐந்து டாலர் அபராதம் செல்லும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2022 ஜனவரியில் பெரிய நிறுவனங்களின் ஊழியருக்கான கோவிட் ஊசி ஆணையை நிறுத்தியது. கட்டாயம் எதுவரை போகலாம் என்பது நியாயமாக வாதிட வேண்டிய கேள்வி. ஊசி வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு நீதிமன்றமும் தேர்தலும் பதில் தராது.

பிறைக்காரி | திங்கள், இரவு 8:55

வக்கீல் ஐயா சொன்னதிலிருந்து தொடர்கிறேன். இதைத்தான் சனிக்கிழமை சொல்லப் போகிறேன்.

2021 நினைவிருக்கிறதா? ஜூன் 1 முதல் மொத்த அடைப்பு. ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி. சோறில்லாதவர் வீட்டில் வெள்ளைத் துணி கட்டுங்கள், அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எங்கள் பிளாட்டில் மூன்றாம் மாடியில் ஒரு துண்டு தொங்கியது. அரசாங்கம் வருவதற்கு முன்னால் கீழ்வீட்டுச் சீன அம்மா அரிசி கொண்டு போனார். பிறகு கறுப்புக்கொடி. ஜூலை 31 அன்று கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தின் பக்கம் கறுப்புச் சட்டை போட்டு இளைஞர்கள் கூடினார்கள், பிரதமர் விலகட்டும், நாடாளுமன்றம் முழுதாகக் கூடட்டும் என்று. முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு நின்றார்கள்! ஆட்சியை எதிர்த்தவர்கள்தான் மருத்துவர் சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் விலகினார்.

எதிர்க்கட்சிகளும் அன்று ஊசியை எதிர்க்கவில்லை. எங்களுக்கு ஏன் குறைவாக வருகிறது, சீக்கிரம் அனுப்பு என்றுதான் சண்டை போட்டன. அவர்கள் ஆண்ட மாநிலங்களில் சிலாங்கூர் தன் சொந்தத் திட்டம் தொடங்கியது. பினாங்கு, வெளியிலிருந்து இருபது லட்சம் டோஸ் நன்கொடை வருவதாக நம்பி மத்திய அரசோடு மோதியது. அது நம்பத்தகாத சலுகையாகப் போனது வேறு கதை. ஆனால் சண்டை ஊசி வேண்டும் என்பதற்காக. அதனால்தான் அக்டோபரில் பெரியவர்களில் 90 விழுக்காடு பேர் இரண்டு ஊசியும் போட்டு முடித்தோம். ஆகஸ்ட் 26 அன்று ஒரே நாளில் 24,599 தொற்று பதிவான நாடு, அக்டோபர் 11 அன்று மாநில எல்லைகளைத் திறந்தது.

இப்போது அமெரிக்கா. ஊசியை வேகமாக உருவாக்கும் திட்டமே டிரம்ப் ஆட்சியில் தொடங்கியது. ஆனால் அவர் கட்சிக்காரர்கள் பலர் ஊசிச் சந்தேகத்தை ஓட்டாக மாற்றினார்கள். 2021 ஆகஸ்டில் அலபாமாவில் கல்மன் என்ற ஊரில் டிரம்பே மேடையில், ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றபோது அவருடைய கூட்டமே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. ஊட்டி வளர்த்த சந்தேகம் வளர்த்தவன் சொல்லுக்கே அடங்கவில்லை. 2025இல் டெக்சஸில் தட்டம்மை பரவி, ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். அது கோவிட் ஊசி இல்லை. நம் பாரத்தில் இருக்கும் அதே தட்டம்மை ஊசி. கோவிட்டில் ஆரம்பித்த கோபம் எங்கே போய் முடிகிறது பாருங்கள். அந்த நாட்டு வீடியோவை வெட்டி ஒட்டித்தான் எங்கள் குழுவில் போட்டிருக்கிறார் அந்த மனிதர். அவர் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

செந்தூல்_மைந்தன் | திங்கள், இரவு 9:30

அக்கா, நான் இன்னும் முழுசா ஒத்துக்கல. போராட்டக்காரங்க கவசம் போட்டாங்க, சரி. ஆனா அவங்க கோவிட்டை நம்பினாங்க, அரசாங்கத்தை நம்பல. எங்களை மாதிரி ஆளுக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க நேரம் எங்க இருந்துச்சு? ஊசி வேணுமா, அரசாங்கத்தோட மைசெஜாத்ரா ஆப்புல பதி. கடைக்குள்ள போணுமா, மைசெஜாத்ரா. அப்புறம் 2022ல அந்த ஆப் யாருக்குச் சொந்தம்னே தகராறு, நாடாளுமன்றக் கணக்குக் குழு கூப்பிட்டு விசாரிக்குது. என் ஐசி (அடையாள அட்டை) நம்பரும் நான் போன கடையும் யார் கையில இருக்குன்னு தெரியல. இப்படி எல்லாத்தையும் ஒரே வாசல்ல கட்டி வச்சது அவங்கதானே? ஊசியையும் அதிகாரத்தையும் சேர்த்துக் கட்டினது நாங்க இல்ல.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | திங்கள், இரவு 10:10

தம்பி, நீங்கள் சொன்ன கடைசி வரியை அமைச்சில் இருப்பவர்கள் எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த இன்னொரு கட்டும் உண்டு. ஆவணம் இல்லாதவர்களுக்கும் ஊசி இலவசம் என்று 2021 பிப்ரவரியில் அறிவித்தார்கள். நல்ல முடிவு. அதே வருஷம் மே கடைசியில், அடைப்புக் காலத்தில் ஆவணமில்லாதவர்களைத் தேடிப் பிடிப்போம் என்று உள்துறை சொன்னது. நம் ஆட்களில் எத்தனை பேர் பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அட்டையோடு இருக்கிறார்கள்! தோட்டத்தில் பிறந்து, தோட்டம் மூடியபின் பட்டணத்துக்கு வந்த பாட்டிமார். அவர்கள் ஊசிக்குப் பயப்படவில்லை, வாசலில் நிற்கும் சீருடைக்குப் பயந்தார்கள். தாதி உடை போட்ட என்னையே ஒரு பாட்டி "போலீஸ்ல இருந்து வரியா" என்று கேட்டார். அவரை ஊசி மறுப்பவர் என்று கணக்கில் எழுதிவிடலாம். எழுதினால் பொய்.

ஆனால் சரியாகச் செய்ததும் உண்டு. 2021 ஜூலையில், ஊசியில் மருந்தே இல்லாமல் குத்துகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. முதலில் எங்களுக்கு அவமானமாக இருந்தது. பிறகு முறை மாற்றினார்கள். மருந்து நிரம்பிய ஊசியை முதலில் காட்ட வேண்டும், போட்டபின் காலி ஊசியைக் காட்ட வேண்டும், விரும்பினால் வீடியோ எடுத்துக்கொள்ளலாம். சந்தேகப்பட்டவரைத் திட்டவில்லை, கண்ணால் பார்க்க வைத்தார்கள். அந்த நாளிலிருந்து வரிசையில் முணுமுணுப்பு குறைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பள்ளியிலும் இதையே கேளுங்கள்.

கெப்போங்_அப்பா | செவ்வாய், காலை 6:50

பள்ளியில் ஊசி போடும்போது பெற்றோர் கூட இருக்கலாமா? மாமியார் நேற்று இரவு கொஞ்சம் இறங்கி வந்தார். நான் பக்கத்தில் நின்றால் சரி என்கிறார்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | செவ்வாய், காலை 8:15

தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பள்ளியில் முடியாது என்றால், குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு அரசாங்கக் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப் போகலாம். எந்த ஊசி, எந்தத் தொகுதி எண், காலாவதித் தேதி என்ன என்று கேளுங்கள், சொல்வார்கள். கை வீங்கினால், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டு வையுங்கள். ஏற்கெனவே ஏதாவது ஊசிக்கு மோசமான ஒவ்வாமை வந்திருந்தால் பாரத்தில் கட்டாயம் எழுதுங்கள். இன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம், தவறில்லை.

தாமான்_துன்_சர்டோன் | செவ்வாய், மதியம் 2:20

ஒன்று மட்டும். பெற்றோர் குழுவில் "போட மாட்டோம்" என்றவர்களை அங்கேயே பெயர் சொல்லிச் சாடாதீர்கள். 2021 தைப்பூசத்தில் பத்துமலை பக்தர்களுக்கு மூடியிருந்தபோதும், தண்ணீர்மலைக்குக் காவடி போகாதபோதும் எங்கள் குடும்பத்துக்குள் எவ்வளவு சண்டை. நேர்த்திக்கடன் செலுத்த முடியாமல் அழுத என் அக்காவை அறிவில்லாதவள் என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையால் அக்கா அடுத்த இரண்டு மாதம் யார் சொன்னதையும் கேட்கவில்லை. கோயிலை மூடச் சொன்ன மருத்துவர் மேல் அவருக்குக் கோபமே இல்லை.

செந்தூல்_மைந்தன் | செவ்வாய், இரவு 9:05

ரெண்டு நாளா யோசிச்சேன். என் மகளுக்குப் போன வருஷம் அதே ரெண்டு ஊசியும் போட்டாச்சு. மனைவி கையெழுத்துப் போட்டா, நான் தடுக்கல. டிப்தீரியா பத்தி மிஸ்ஸி எழுதினதைப் படிச்சப்போ, தடுக்காம இருந்தது நல்லதுன்னு பட்டுச்சு. கோவிட் ஊசி இனிமே எனக்கு வேணாம், அதுல மாத்தம் இல்ல. என் வயசுக்கும் உடம்புக்கும் கட்டாயம்னு டாக்டர் யாராவது உட்கார்ந்து பேசினா கேப்பேன், ஆப்புல ஆர்டர் வந்தா கேக்க மாட்டேன்.

அக்கா, கூட்டத்துல நீங்க எடுத்த உடனே டெக்சஸ் கதை சொன்னீங்கன்னா யாரும் கேக்க மாட்டாங்க. முதல்ல அந்த ஆயிரம் வெள்ளியைச் சொல்லுங்க. நம்ம பேரைக் கிளஸ்டருக்கு வச்சதைச் சொல்லுங்க. அப்போதான் நீங்க நம்ம பக்கம்னு தெரியும். அந்தக் கிளைக்காரர் அதுலதானே ஆரம்பிச்சார்.

பிறைக்காரி | செவ்வாய், இரவு 9:48

அப்படியே செய்கிறேன் தம்பி. ஆயிரம் வெள்ளியில் ஆரம்பித்து, பாட்டியின் எட்டாயிரம் வெள்ளிக்கு வந்து, பிறகுதான் தொண்டை அடைப்பான். வக்கீல் ஐயா சொன்ன ஐவர்மெக்டின் எண்களைத் தமிழில் ஒலிப்பதிவாக்கி இன்றைக்கே குழுவில் போடுகிறேன். சுகாதாரக் குழுவுக்குக் கடிதம் எழுதியாச்சு. ஊசியைக் காட்டிப் போட வேண்டும், விரும்பும் பெற்றோர் கூட இருக்க வேண்டும், கூட்டத்துக்குத் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் வர வேண்டும். மிஸ்ஸி, சனிக்கிழமை காலை பத்து மணி. நீங்கள் பட்டர்வொர்த் பக்கம்தானே, வர முடியுமா? அந்தக் கிளைப் பொறுப்பாளரையும் அழைத்திருக்கிறேன். எல்லார் முன்னாலும் அவர் பேசட்டும், கேள்விக்குப் பதிலும் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி | செவ்வாய், இரவு 10:02

வருகிறேன்மா. பத்து மணிக்கு வேண்டாம், ஒன்பதரைக்கே வருகிறேன். தனியாகக் கேட்க நினைப்பவர்கள் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால்தான் வருவார்கள்.